தெண்டம் கட்டிய மதினி

‘எல்லாரும்’ என்று யாராவது பேச்சைத் தொடங்கினால் போதும், எனக்கு இன்றைக்கும் இருப்புக் கொள்வதில்லை. டிவியில் ஒருவர் ‘மக்கள் விரும்புகிறார்கள்’ என்பார். மருமகன் ‘ஊரே பேசுது’ என்பார். எந்த மக்கள், எந்த ஊர், அதில் யாரைச் சேர்த்தீர்கள், யாரை விட்டீர்கள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிடும். அடக்கிக்கொள்வேன். இது எனக்குப் பிறவியில் வந்த வியாதியில்லை. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் எருமை வளர்த்த மதினியிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

மதினி என்றால் கூடப்பிறந்த அண்ணனின் பெண்டாட்டி இல்லை. என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா வழியில் அண்ணன் முறையான ஒருவரின் மனைவி. அந்த அண்ணன், நான் இளையரசனேந்தலில் இருந்து வாக்கப்பட்டு வருவதற்கு வெகுகாலம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மதினிக்குப் பெற்ற பிள்ளை கிடையாது. செத்துப்போன தங்கையின் மகள் கோமதியைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தாள். மூன்று எருமை, ஒரு பித்தளைத் தூக்குப்போணி, வாயில் எப்போதும் ஒரு துண்டுப் புகையிலை, இவ்வளவுதான் அவள் சொத்து. பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளுக்கெல்லாம் அவள் வீட்டுப் பால்தான்.

அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பேசுவது நின்றுகொண்டு, சாப்பிடுவது நின்றுகொண்டு. நம்மிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வார்த்தையில் கிளம்பிவிடுவாள். மீதியை எருமையிடம் சொல்லிக்கொண்டிருப்பது சுவர் வழியாகக் கேட்கும். எருமைக்கு ஊர்ச் செய்தி அத்தனையும் தெரியும்.

அவளிடம் ஒரு கேள்வி உண்டு. ஒரே ஒரு கேள்வி. யார் எந்தப் பெரிய வார்த்தையைச் சொன்னாலும் அதைக் கேட்டுவிடுவாள். “அதுல நான் உண்டா?”

அவள் அதைக் கேட்டு நான் முதல்முதலில் பார்த்தது ஒரு குதிரைவண்டிக்காரனிடம். வண்டிக்கு மேலே ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, நாளைக்குத் தண்ணீர் வராது என்று எங்கள் முடுக்குச் சந்துப் பக்கம் மைக்கில் சொல்லிக்கொண்டு போனான். “பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு” என்றதும் மதினி சாணிக் கையோடு வாசலுக்கு வந்து வண்டியை மறித்தாள்.

“ஏப்பா, பொதுமக்கள்ங்கியே, அதுல நான் உண்டா?”

“உண்டும்மா.”

“அப்ப எங்க முடுக்குக்குக் குழாய் எப்ப வரும்?”

“அது எனக்குத் தெரியாதும்மா. தண்ணி வராதுன்னு சொல்லத்தான் சொன்னாவ.”

“வராதுங்கதுக்கு மட்டும் நான் பொதுமக்களா? எங்க முடுக்குக்குத்தான் என்னைக்குமே வராதே. பெறவு என்னத்துக்கு எங்கிட்ட வந்து கத்துத?” என்றாள். வண்டிக்காரன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதுப்பெண்ணாக இருந்த எனக்கு, இந்தப் பொம்பளை நம்மை ஒரு வழி பண்ணிவிடுவாள் போலிருக்கிறதே என்று பயம்தான் வந்தது.

பயந்தபடியே ஆயிற்று. ஒருநாள் பேச்சோடு பேச்சாக, “எங்க வீட்டுல கெணத்துமேட்டு நிலத்த விக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம் மதினி” என்று சொல்லிவிட்டேன். புகையிலையை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“பண்ணியிருக்கோமா? ஒன்னைய யாரு கேட்டா?”

யாரும் கேட்கவில்லை. மாமனாரும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டிருந்ததை அடுப்படியில் இருந்து கேட்டேன், அவ்வளவுதான். மதினி பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.  அவள் மேல் அப்படி ஒரு ஆத்திரம். ஒரு சொல்லைச் சொல்லி நிம்மதியாக இருக்க விடுகிறாளா பார் என்று மனசுக்குள் திட்டினேன். அதற்கப்புறம் ‘நாங்க’ என்று வாய் திறக்கும்போதெல்லாம் ஒரு நொடி தட்டும்.

எலெக்‌ஷன் சமயத்தில் தேரடிப் பக்கம் ஒரு கூட்டம். மேடையில் இருந்தவர், “பெரியோர்களே, தாய்மார்களே” என்று தொடங்கிப் பேசி முடித்துக் கீழே இறங்கினார். டீக்கடைக்குப் பால் ஊற்றிவிட்டுத் திரும்பிய மதினி தூக்குப்போணியோடு அவர் முன்னால் போய் நின்றாள். நானும் கூட இருந்தேன்.

“ஐயா, நான் பிள்ள பெறாதவ. வயசும் பெரியோர் வயசு ஆகல. நீங்க கூப்பிட்டதுல நான் எதுல வருதேன்?”

அவர் நல்ல பேச்சாளர். சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டு, “அம்மா, நீங்க எங்க எல்லாருக்கும் தாய்” என்றார். கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

“பெறாதவள எல்லாருக்கும் தாய்னுட்டா ஒங்களுக்கு சோலி முடிஞ்சிட்டு” என்று சொல்லிவிட்டு மதினி நடையைக் கட்டினாள். அவள் வேகத்துக்கு என்னால் நடக்க முடியாது. பின்னாலேயே ஓடினேன்.

பால் சங்கம் வந்தபோது அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். இனிமேல் நீங்கள் அங்கத்தினர் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த வார்த்தை அவளுக்குப் புதுசு. நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் என்று என்னிடம் வந்து அர்த்தம் கேட்டாள். அங்கம் என்றால் உடம்பில் ஒரு பாகம், கை கால் மாதிரி, நீங்கள் சங்கத்துக்கு ஒரு கை மாதிரி என்று சொன்னேன்.  அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பிக் கேட்டாள்.

“என்னைய வெட்டி எடுத்தா அந்தச் சங்கத்துக்கு வலிக்குமா?”

 தெரியவில்லை என்றேன். “கேட்டுப் பாக்கேன்” என்று போனாள். கேட்டிருப்பாள். கேட்காமல் விடுகிற ஆளில்லை.

இதையெல்லாம் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் கிறுக்கு என்றுதான் தெருவில் பேச்சு. ஆனால் அவள் கேள்வி எங்கே இருந்து கிளம்பியது என்று தெருவில் எல்லாருக்குமே தெரியும். அது எங்கள் ‘ஊர்’ விவகாரம்.

ஊர் என்றால் சங்கரன்கோவில் இல்லை. கோபுரமும் பூ மார்க்கெட்டும் ஆடித்தபசுக் கூட்டமும் சேர்ந்தது டவுன். ஊர் என்பது எங்கள் தெருவும், பின்னால் இருந்த ரெண்டு முடுக்கும், ஒரு அம்மன் கோயிலும். முன்னொரு காலத்தில் குருவிகுளம் பக்கமிருந்து பிழைக்க வந்து குடியேறிய சொந்தக்காரர்கள். நாட்டாமை உண்டு, கூட்டம் உண்டு, வருஷாவருஷம் சித்திரையில் அம்மனுக்குக் கொடைத் திருவிழா உண்டு. அதிலும் தெரு முழுக்க ஊராகிவிடாது. தலைக்கட்டுகள் சேர்ந்ததுதான் ஊர். தலைக்கட்டு என்றால் கல்யாணம் முடித்த ஆண்பிள்ளை. அவன் பேரில் ஒரு வீடு, கோயிலுக்கு ஒரு வரி, கொடையில் ஒரு பங்கு, கூட்டத்தில் பேச ஒரு வாய். என் வீட்டுக்காரர் அதுவரை மாமியார் ஊட்டாத குறையாகச் சோறு தின்று திரிந்தவர், எனக்குத் தாலி கட்டிய மறுநாள் தலைக்கட்டு ஆகிவிட்டார். கூட்டம் என்றால் சொல்லி அனுப்புகிற பெரியவர் வாசலில் வந்து நின்று அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் போவார். அடுத்த வாசல் மதினி வீடு. அதைத் தாண்டிப் போய்விடுவார்.

கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. புருஷன் இல்லாத வீட்டுக்கு வரி வேண்டாம் என்று ஊர் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்திருந்தது. கொடை முடிந்த மறுநாள் காலையில் சோறும் கறியும் தேங்காய் மூடியும் பங்கு வைக்கும்போது, எல்லாத் தலைக்கட்டையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்து முடித்தபிறகு, மிச்சத்தில் ஒரு வாளி அவள் வீட்டுக்கும் போகும். அந்த வாளியை அவள் ஒரு வருஷமும் வாங்கியதில்லை. “தானம் குடுக்கதுன்னா கோயில் வாசல்ல இருக்கவுகளுக்குக் குடுங்க. எங்கிட்ட வரி வாங்கிட்டுப் பங்கக் குடுங்க” என்பாள்.

“வரி வேண்டாம்னு சொன்னா சந்தோசப்படாம, இவ ஒருத்திதான் வரிய வாங்கு வாங்குன்னு நிக்கா” என்று நாட்டாமை எங்கள் வீட்டில் வந்து தலையில் அடித்துக்கொண்டார். மனுஷர் நல்லவர்தான். ஆனால் வழக்கத்தில் இல்லாததைச் செய்ய அவருக்கு உடம்பு நடுங்கும்.

இப்படியே போயிருக்கும். கோமதிக்கு ராயகிரியில் இருந்து மாப்பிள்ளை வந்தது.

நல்ல இடம். பையன் ஒரு டிராக்டர் பட்டறையில் வேலை பார்த்தான். கோமதிக்கும் பிடித்திருந்தது. நிச்சயத்துக்கு நாள் பார்த்தார்கள். எங்களில் ஊர் வெற்றிலை என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து ஊர் முன்னால் நீட்டுவார்கள். பெண் வீட்டுத் தலைக்கட்டு அதைக் கை நீட்டி வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது, அப்புறம் யாரும் பின்வாங்க முடியாது. தலைக்கட்டு இல்லாத வீட்டுக்குப் பங்காளி ஒருவர் நிற்பார். மதினி வீட்டுக்கு நிற்கவேண்டியவர் அவள் கொழுந்தன்.

அந்தக் கொழுந்தனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அண்ணன் செத்த வருஷமே, பிள்ளையில்லாதவளுக்கு வீடு எதற்கு என்று கேட்டவர். கோமதியை எடுத்து வளர்த்தபோது, அநாதைச் சனியனை எதற்கு இழுத்துவந்தாய் என்றவர். அவர்தான் கோமதிக்குத் தட்டு வாங்க வேண்டும்.

மதினி நாட்டாமையிடம் போய்க் கேட்டாள். நானும் கூடப் போனேன்.

“அண்ணாச்சி, கோமதிக்குப் பால் குடுத்து வளத்தது நான். சொரத்துக்கு ஆஸ்பத்திரில கெடந்தது நான். தட்டு நான் வாங்குதேன்.”

“வழக்கம் இல்லையே தாயி.”

“வழக்கத்த யாரு வச்சா?”

“ஊரு வச்சது.”

“அதுல நான் உண்டா?”

 நாட்டாமை உள்ளே பார்த்து மோர் கொண்டுவரச் சொன்னார். மதினி மோருக்கு நிற்கவில்லை.

நிச்சயத்தன்று அவள் வீட்டு முன்னால் பந்தல். பெரிய ஜமக்காளத்தில் ஆண்கள், ஓரமாகச் சுவரை ஒட்டிப் பெண்கள். கொழுந்தன் புதுத்துண்டு போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். ராயகிரிக்காரர், மாப்பிள்ளையின் அப்பா, தட்டைத் தூக்கி, “பொண்ணு வீட்டுத் தலைக்கட்டு யாரு, வாங்க” என்றார். கொழுந்தனுக்குக் கொஞ்சம் பெருத்த உடம்பு. கையை ஊன்றி எழுந்திருக்க நேரமாகும். அதற்குள் என் பக்கத்தில் நின்றிருந்த மதினி விறுவிறுவென்று ஜமக்காளத்தில் ஏறிப் போய் ரெண்டு கையையும் நீட்டிவிட்டாள். ராயகிரிக்காரருக்கு இந்த ஊர் விவரம் என்ன தெரியும்? கொடுத்துவிட்டார். மதினி வாங்கிவிட்டாள்.

 கொடுத்த தட்டைத் திரும்ப வாங்குவது அபசகுனம். கொழுந்தன் பாதி எழுந்தவர் அப்படியே நின்றார்.  விருந்தாளிகள் பஸ் ஏறும் வரைக்கும் ஊர் பொறுமையாக இருந்தது.

மறுநாள், கூட்டம் சொல்லுகிற பெரியவர் எங்கள் வாசலில் வந்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் என்று சொல்லிவிட்டு, மதினி வீட்டு வாசலில் போய் நின்றார். அந்த வாசலில் அவர் நின்றது அதுதான் முதல் தடவை. நான் சுவர் மேல் எட்டிப் பார்த்தேன்.

“ஞாயித்துக்கெழம கோயில்ல கூட்டம். வரணும்.”

“யாரு வரணும்?” மதினி கேட்டாள்.

“நீங்கதாம்மா. குத்தம் சொல்லியிருக்காவ.”

“கூட்டத்துக்கு என்னைய வரச் சொல்லி ஊரு கூப்பிட்டு விட்டிருக்கா?”

“ஆமா.”

“இருங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க” என்று உள்ளே ஓடினாள். குற்றம் சாட்டி அழைப்பு வந்ததற்கு அப்படிச் சந்தோஷப்பட்ட ஒரு பிறவியை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

ஆனால் அந்த வீட்டுக்குள்ளேயே இன்னொருத்தி அழுதுகொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் கோமதியின் குரல் சுவரைத் தாண்டிக் கேட்டது. “ராயகிரிக்குத் தெரிஞ்சா என்னாகும்? தெண்டம் விழுந்த வீட்டுல பொண்ணு எடுப்பாவளா? ஒனக்கு என் கல்யாணம் பெருசா, ஒன் வீம்பு பெருசா பெரியம்ம?”   அன்றைக்கு மதினி எருமையிடம்கூட ஒன்றும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மதிலுக்கு வெளியே நாங்கள் பெண்கள் எல்லாம் காதை வைத்துக்கொண்டு நின்றோம். மதினி உள்ளே, வேப்பமரத்தடியில், நின்றுகொண்டுதான் இருந்தாள்.

“ஊர்க் கட்டுப்பாட்ட மீறிட்ட. குத்தமா இல்லையா?” என்றார் நாட்டாமை.

“குத்தம்தான் அண்ணாச்சி.”

எல்லாரும் சண்டைக்குத் தயாராக வந்தவர்கள். இவள் ஒரேயடியாக ஒத்துக்கொண்டதும் நாட்டாமை தடுமாறிப்போனார். செருமிக்கொண்டார்.

“அம்மனுக்கு ஒரு டின் நல்லெண்ண தெண்டம்” என்று அபராதத்தைச் சொல்லிவிட்டுக் கொழுந்தன் பக்கம் திரும்பினார். பெண்களோ பிள்ளைகளோ தப்பு செய்தால் அந்த வீட்டுத் தலைக்கட்டு மேல்தான் தெண்டம் விழும். அதுதான் முறை. “நீதான அந்த வீட்டுக்குத் தலைக்கட்டா நிக்கப்போன. வார வெள்ளிக்கெழமைக்குள்ள கொண்டாந்து வச்சிரு.”

கொழுந்தன் பதறிப்போனார். ஒரு டின் நல்லெண்ணெய் என்றால் சும்மாவா? “இது என்ன நாயம்? எனக்கும் அவ வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? அவ தனி வீடு, தனி அடுப்பு. நான் அவளுக்குத் தலைக்கட்டும் கெடையாது ஒண்ணும் கெடையாது. அவ செஞ்சதுக்கு அவளே கட்டட்டும்.”

“அப்ப இந்த வீட்டுக்கு நீ நிக்க மாட்ட?”

“மாட்டேன். சத்தியமா மாட்டேன்.”

“சரி. நீயே கட்டு தாயி. வேற யாருக்கும் பேச்சு உண்டா?” நாட்டாமை மூன்று தடவை கேட்டார். எல்லாருக்கும் சீக்கிரம் வீடு போக வேண்டும் போலிருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. ஊர் முடிவு ஆயிற்று.

“கட்டுதேன்” என்றாள் மதினி. வெளியே வந்து எங்களைத் தாண்டிப் போகும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள். எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரருக்குத்தான் முதலில் உறைத்தது. மறுநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சோற்றில் கையை வைத்தபடி, “ஏட்டி, தெண்டம் தலைக்கட்டு மேலதான விழும்?” என்றார். ஆமாம் என்றேன். “அப்ப நேத்து மதினி மேல எப்படி விழுந்துச்சு?” என்றார். நான் பதில் சொல்வதற்குள், தெண்டம் போட்டு ஊரே அவளைத் தலைக்கட்டு ஆக்கிவிட்டது என்று அவருக்கே விளங்கிவிட்டது. சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து நாட்டாமை வீட்டுக்குப் போனார். அங்கே அதற்குள்ளேயே நாலு பேர் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

சாயங்காலமே நாட்டாமை மதினியின் தொழுவத்தில் வந்து நின்றார்.

“யோசிச்சுப் பாத்தோம் தாயி. தகப்பன் இல்லாத பிள்ளைக்குக் கல்யாணம் வச்சிருக்க. தெண்டம் வேண்டாம். ஊரு மன்னிச்சிட்டு.”

“மன்னிக்காதிய அண்ணாச்சி.”

“என்னது?”

“நான் செஞ்சது குத்தம். ஊரு கூடித் தெண்டம் போட்டிருக்கு. மூணு மட்டம் கேட்டிய, யாரும் வேண்டாங்கல. இனிமே ஊரு மறுபடி கூடித்தான் அத மாத்தணும். கூடினா எனக்கும் சொல்லி விடணும். நான் வந்து, தெண்டம் இருக்கட்டும்னு சொல்லுவேன்.”

நாட்டாமை எருமையைப் பார்த்தார், சுவர் மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். “ஒன்னோட பேச முடியாது” என்று போய்விட்டார்.

இதற்கிடையில் விஷயம் ராயகிரிக்கும் போய்விட்டது. வியாழக்கிழமை மாப்பிள்ளையின் அப்பா ஒற்றை ஆளாக வந்து இறங்கினார். கோமதி என் அடுப்படியில் வந்து ஒளிந்துகொண்டாள்.  எனக்கு மதினி மேல் திரும்பவும் கோபம் கோபமாக வந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையை வைத்தா இந்த விளையாட்டு என்று நினைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நடந்தது.

“தெண்டம் போட்டுட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நெசமா?”

“நெசம்தான். தட்ட நான் வாங்குனது இங்கன வழக்கம் இல்ல. வாங்கிட்டேன், போட்டுட்டாவ. எண்ண டின்னு அந்தா இருக்கு. நாளைக்குக் கொண்டுபோய் வைக்கேன்.” அதுவரை திடமாக இருந்த குரல் அப்புறம் இறங்கியது. “ஒங்களுக்கு மனசுல எதும் இருந்தா எங்கிட்டச் சொல்லுங்க. பிள்ள மேல ஒரு தப்பும் கெடையாது.”

 கோமதி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது. பிறகு அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

“எங்க ஊர்ல எனக்கே ரெண்டு மட்டம் போட்டிருக்காங்க. ஒரு மட்டம் கூட்டத்துல நாட்டாமையக் கையநீட்டிப் பேசுனதுக்கு. தெண்டம் கட்டாத தலைக்கட்டு எங்க இருக்கு? நான் வந்தது, இந்தக் கொழுந்தன்காரன் நாளைக்குக் கல்யாணத்துல வந்து மரியாத கேப்பானோன்னுதான்.”

“அவுக சத்தியம் பண்ணிட்டாவ. கேக்க மாட்டாவ.”

“அப்ப நீங்கதான் எனக்குச் சம்பந்தி. பந்தலுக்கு எத்தன ஆளு வரும்னு பேசுவோம்” என்றார். கோமதி என் கையை விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில், ஜனங்கள் வேலைக்குக் கிளம்புகிற நேரமாகப் பார்த்து, மதினி எண்ணெய் டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தாள். முடுக்கு வழியாகப் போனால் கோயில் பக்கம். அவள் தெருவைச் சுற்றித்தான் போனாள். கேட்டவர்களுக்கெல்லாம், “தெண்டம் கட்டப் போறேன்” என்று பதில் சொன்னாள்.

ஐப்பசியில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சித்திரையில் கொடை வந்தது. வரி கேட்டு வந்தவர்கள் அவள் வாசலில் தயங்கி நின்று, கேட்டு, வாங்கிக்கொண்டு போனார்கள். தெண்டம் வாங்கிவிட்டு வரி வாங்காமல் இருக்க முடியாதே. கூட்டத்துக்கும் சொல்லி அனுப்பினார்கள். போய் நின்றாள். கொட்டகை எங்கே போடுவது, வில்லுப்பாட்டு யார் என்று பேச்சு நடந்ததாம். அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று என் வீட்டுக்காரர் வந்து ஆச்சரியமாகச் சொன்னார்.

கொடை முடிந்த மறுநாள் காலையில் பங்கு. கோயில் முன்னால் கொப்பரை கொப்பரையாகச் சோறும் கறியும். ஒவ்வொரு தலைக்கட்டின் பேரையும் நாட்டாமை மனப்பாடமாக மைக்கில் கூப்பிட, அவரவர் ஏனத்தைக் கொண்டுபோய் நீட்டினார்கள். கோமதி ராயகிரியிலிருந்து வந்திருந்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி, என் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மதினி குத்துப்போணியோடு ஆண்கள் வரிசையில் போய் நின்றாள். என் வீட்டுக்காரர் பேருக்கு அடுத்து அவள் வீடு.

நாட்டாமை அவள் புருஷன் பேரைச் சொல்லி, “வீடு” என்று சேர்த்துக் கூப்பிட்டார்.

மதினி அசையவில்லை. அவர் திரும்பவும் கூப்பிட்டார்.

“அவுக போயிச் சேந்துட்டாவ அண்ணாச்சி. செத்தவுகளுக்கு என்னத்துக்குப் பங்கு?” என்றாள்.

“பெறவு என்னன்னுதான் கூப்பிட?”

“மத்தவுகள என்னன்னு கூப்பிட்டிய? தலைக்கட்டு பேரச் சொல்லித்தான?”

நாட்டாமை மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். “இந்தப் பிள்ள பேரு என்னப்பா?”

ஒருத்தருக்கும் தெரியவில்லை. பால்காரி, மதினி, அத்தை, சித்தி, முடுக்கு வீட்டுக்காரி என்று ஆளுக்கு ஒன்று சொல்லிக் கூப்பிட்டே இருபது வருஷத்துக்கு மேல் ஓடியிருந்தது. என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது. சுவருக்குச் சுவர் இருந்து அவள் இருமலைக்கூட அடையாளம் தெரிந்த எனக்கு, அவள் பேர் தெரியாது. 

“நீயே சொல்லிரு தாயி. நான் கூப்பிட்டுருதேன்” என்றார் நாட்டாமை.

“நான் சொல்லி நீங்க கூப்பிட்டா, அது என்னைய நானே கூப்பிட்டதுல்லா? ஊருல்லா கூப்பிடணும். யாருக்காவது தெரிஞ்சா கூப்பிடுங்க. இல்லைன்னா நான் இங்கனயே நிக்கேன்.”

சோறு ஆறிக்கொண்டிருந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கொழுந்தனுக்குத் தெரிந்திருக்கும். அவர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் பெரியம்மைக்கு எங்க போனாலும் இதே ரோதனதான்” என்று பல்லைக் கடித்தாள் கோமதி. என் தோளை ஊன்றி எழுந்து நின்றாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறுகையால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆண்கள் பக்கம் பார்த்து அந்தப் பேரைச் சொன்னாள். பெரியம்மை என்று சேர்க்காமல், அம்மா என்று சேர்க்காமல், வெறும் பேரை.

“ஏட்டி, வளத்தவ பேரையா சொல்லுத?” என்று பின்னால் ஒரு பெண் அதட்டினாள். எங்களில் மூத்தவர்கள் பேரை வாயால் சொல்வது கிடையாது. கோமதிக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்காமல் இன்னும் சத்தமாக இன்னொரு தடவை சொன்னாள். அந்தப் பேரை நான் இங்கே எழுதவில்லை. அது தாளில் படிக்கிற பேரில்லை, வாயால் கூப்பிட வேண்டிய பேர்.

 நாட்டாமை பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டு மைக்கில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். முன்னே பின்னே சொல்லிப் பழகாத பேர், பாதியில் இடறியது. ஆனாலும் முழுசாகச் சொல்லிவிட்டார். குழாயில் அது கோயிலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, மெயின் ரோடு வரைக்கும் போனது.

மதினி நடந்து வந்தாள். குத்துப்போணியை நீட்டினாள். சோறும் கறியும் விழுந்தது, தேங்காய் மூடியை மேலே வைத்தார்கள். போணியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். அடுத்த பேரைக் கூப்பிட நாட்டாமை வாயெடுத்தார். அவள் நகரவில்லை.

“சரியாக் கேக்கல அண்ணாச்சி” என்றாள். “இன்னொருக்கா கூப்பிடுங்க.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இந்தத் தடவை இடறாமல், கூப்பிட்டார்.